மூக்கடைப்பும் தலைச்சுற்றலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப்பணியே தொழிலாகக் கொண்ட எமக்கு இலக்கியப் பொருள் ஒன்றனை எடுத்துப் பேசுதல் எளிது. ஆயினும் நம் காரியதரிசியவர்கள் இம்முறை உடல்நலம் பற்றியே பேசுதல் வேண்டும் எனப் பணித்தனர். அதற்குரிய காரணத்தை நீவிர் அறிவீர். மழை தொடங்கிய நாள் முதலாக நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நீர்க்கோவை புகுந்துள்ளது. அதனோடு மூக்கடைப்பும், மூக்கடைப்போடு கிறுகிறுப்பும் வந்தன எனப் பலர் கூறுகின்றனர். சென்ற கூட்டம் முடிந்த பின்னர்த் திண்ணையிலிருந்த பெரியோர் இருவர் இது குறித்து நெடுநேரம் வாதிட்டனர். ஒருவர், மூக்கு அடைத்தால் தலை சுற்றியே தீரும் என்றார். மற்றவர், மூக்குக்கும் தலைச்சுற்றலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு என்பதனை இன்று விளக்க முயல்வோம். யாம் மருத்துவரல்லேம். நூல்களிற் கற்றதனையும் மருத்துவம் பயின்ற நண்பர்பால் கேட்டுத் தெளிந்ததனையுமே உங்கள்முன் வைக்கின்றோம்.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீடுகளில் 'மயக்கம்' என்னும் ஒரு சொல்லே பல நிலைகளுக்கும் வழங்குகின்றது. கண் இருண்டு கீழே விழப்போவதும் மயக்கம். வீடும் சுவரும் சுழல்வதும் மயக்கம். நடக்கும்பொழுது கால் தள்ளாடுவதும் மயக்கம். தலை கனத்துத் தெளிவின்றியிருப்பதும் மயக்கம். மயக்கம் என்னுஞ் சொல்லுக்குக் 'கலத்தல்' என்பதும் ஒரு பொருளாகும். மெய்யெழுத்துக்கள் ஒன்றோடொன்று கூடி வருதலை இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் என்று வழங்குதல் மாணாக்கர் யாவரும் அறிந்ததே. நோயின் பெயராகவும் அச்சொல் பலவற்றைக் கலந்தே குறிக்கின்றது. மருத்துவர்பாற் செல்வோர் அக்கலப்பைப் பிரித்துக் கூறல் வேண்டும். உலகம் சுழல்வதுபோலத் தோன்றினால் அது தலைச்சுற்றல். விழுவதுபோல் கண் இருண்டால் அது மயங்கி வீழ்தல். நிற்கவும் நடக்கவும் நிலை தவறினால் அது தள்ளாட்டம். சுழற்சியும் இருளுமின்றித் தலை மட்டும் மந்தமாயின் அது தலைப்பாரம். இந்நான்கனுள் எது தமக்கு நேர்ந்தது என்று கூறும் நோயாளர், மருத்துவரின் வேலையிற் பாதியைத் தாமே முடித்தவராவர்.

இனி மூக்கின் இயல்பை நோக்குவோம். தொல்காப்பியர் எழுத்துப் பிறத்தற்குரிய உறுப்புக்களாக எட்டினை வகுத்தபொழுது, அவற்றுள் மூக்கினையும் ஒன்றாக எண்ணினார். நன்னூலாரும் மெல்லினத்திற்கு இடம் மூக்கு என்றார். இதன் உண்மையை மூக்கடைத்தவன் பேச்சிற் காணலாம். காற்று மூக்கின்வழிச் செல்லாமையால் மெல்லெழுத்துத் தன் இனமாகிய வல்லெழுத்தின் சாயலைப் பெறும். 'மணி' என்று அவன் சொல்ல, 'படி' என்று நம் செவியில் விழும். இங்ஙனம் அடைப்பது சளி மட்டும் என்று பலர் கருதுவர். மூக்கின் உட்புறத்தைப் போர்த்துள்ள மெல்லிய சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. தடிமன் பிடித்தபோதும் தூசி முதலியன ஒவ்வாதபோதும் அக்குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குகின்றது. அடைப்பின் பெரும்பகுதி அவ்வீக்கமே. எவ்வளவு சிந்தினும் மூக்குத் திறவாமைக்குக் காரணம் இதுவே. மூக்கைச் சூழ்ந்த எலும்புகளினுள்ளே நான்கு இணைக் காற்றறைகள் உள. அவற்றையே சைனஸ் என்கின்றனர். அவற்றின் வாயில்களும் வீக்கத்தால் அடைபடின் நெற்றியும் கன்னமும் கனக்கும். இதனையே நம் நாட்டு மருத்துவர் பீனிசம் என்றனர்.

இவ்வளவும் மூக்கின் செய்தி. தலைச்சுற்றலோ பெரும்பாலும் செவியின் செய்தி. செவியின் தொழில் கேட்டல் ஒன்றே என்று நெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தனர். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற பகுதி ஒன்று கேட்டற்கு உரியது. அதன் பக்கத்தே மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள. அக்குழல்களுள் நீர் நிறைந்துள்ளது. நாம் தலையைத் திருப்புங்கால் அந்நீர் சற்றே பின்தங்கி, அங்குள்ள நுண்ணிய மயிர்களை வளைக்கும். அவ்வளைவே 'தலை திரும்பிற்று' என்னும் செய்தியாக மூளைக்குச் செல்லும். வலச்செவி ஒன்று சொல்ல, இடச்செவி வேறு சொல்லின், மூளை எதனை நம்பும்? அசையாதிருக்கும்போதே உலகம் சுழல்கின்றது என்று அது முடிவு செய்யும். தலைச்சுற்றல் என்பது இவ்விரு சாட்சிகளின் முரண்பாடேயாம்.

இவ்வுண்மை எளிதில் வெளிப்பட்டதன்று. பிரான்சு நாட்டு அறிஞர் புளூரான்ஸ் 1820-களில் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்துப் பார்த்து, அவை நிலைகுலைந்து சுழல்வதைக் கண்டார். 1861-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் மெனியேர், அதுவரை மூளையின் நோயென்று கருதப்பட்ட சுழற்சி செவியிலிருந்தும் தோன்றும் என்று எடுத்துக்காட்டினார். வியன்னா நகரத்து ராபர்ட் பாரானி, நோயாளரின் செவியை நீரால் கழுவுங்கால் ஒன்றை உற்று நோக்கினார். நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாயிருந்தாலும் அவர்க்குத் தலை சுற்றியது, கண்மணிகள் ஆடின. குளிருக்கும் சூட்டுக்கும் ஆட்டத்தின் திசை மாறியது. இதிலிருந்து செவியின் நிலையைச் சோதிக்கும் முறை ஒன்றனை அவர் வகுத்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவர்க்கு வழங்கப்பட்டபொழுது அவர் ரஷ்ய நாட்டில் போர்க்கைதியாக இருந்தார். சிறைப்பட்டிருந்தும் அவர் கல்வி அவரை விட்டு நீங்கவில்லை என்பதனை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்க.

மூக்குக்கும் செவிக்கும் உள்ள பாதையை இப்பொழுது கூறுவோம். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குக் குழல் ஒன்று செல்கின்றது. 16-ஆம் நூற்றாண்டில் அதனை விளக்கி எழுதிய இத்தாலிய அறிஞர் யூஸ்டேக்கி என்பாரின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழல் எனப்படும். வளர்ந்தோர்க்கு அதன் நீளம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர், அஃதாவது ஒன்றரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. அது எப்பொழுதும் மூடியிருந்து, நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறக்கும். செவிப்பறையின் இருபுறத்தும் காற்றின் அழுத்தம் ஒத்திருத்தற்பொருட்டே இவ்வமைப்பு. தடிமனால் குழலின் வாய் வீங்கி மூடிக்கொண்டால் நடுச்செவிக்குப் புதுக்காற்று வாராது. உள்ளிருந்த காற்றைச் சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். செவிப்பறை உள்நோக்கி இழுபடும், காது அடைக்கும், சிலர்க்கு நடுச்செவியில் நீரும் கோக்கும். நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே இரண்டு சிறு சாளரங்களே உள்ளமையால் அழுத்த வேறுபாடு உட்செவியையும் சென்று தாக்கலாம். அப்பொழுது தலைப்பாரமும் இலேசான தள்ளாட்டமும் தோன்றும். தடிமன் நீங்கச் சில நாளில் இவையும் நீங்கும். முதற்பெரியவர் கூற்றிலுள்ள உண்மை இது.

இரண்டு செவிகளுள் ஒன்றின் குழல் மட்டும் அடைபட்டிருந்தால் சுழற்சி கடுமையாதலும் உண்டு. நீரில் மூழ்குவோர்க்கு நேரும் இத்தகைய தலைச்சுற்றலை ஸ்வீடன் நாட்டு அறிஞர் லுண்ட்கிரென் 1965-இல் விளக்கினார். மூழ்கியவன் மேலே எழுங்கால் ஒரு செவியின் காற்று வெளியேறி மற்றொன்றின் காற்று சிக்கிக்கொள்ளின், எது மேல் எது கீழ் என்று அவனுக்குத் தோன்றாது. மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய மரபுடையது நம் தமிழ்நாடு. அத்தொழிலிலும் நீச்சலிலும் ஈடுபடுவோர் தடிமன் பிடித்த நாளில் ஆழத்திற் செல்லலாகாது. ஆகாய விமானம் இறங்குங்கால் காதடைப்பதும் இக்காரணத்தாலேயே. அப்பொழுது அடிக்கடி விழுங்குவதும் கொட்டாவி விடுவதும் நலம் தரும்.

இனி இரண்டாம் பெரியவர் கூற்றுக்கு வருவோம். மூக்கடைப்பும் தலைச்சுற்றலும் ஒரே நாளில் வந்தமை பற்றி ஒன்றே மற்றொன்றைப் பெற்றது எனத் துணிதல் பல இடங்களிற் பிழையாம். அவற்றுட் சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, மருந்து. தடிமனுக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளுட் பல உறக்கத்தையும் தலைமந்தத்தையும் தருவன. தும்மலை நிறுத்திய மாத்திரையே தலையைச் சுற்றச் செய்ய, 'மூக்கடைப்பு தலைக்கு ஏறிவிட்டது' என்று கூறி இன்னொரு மாத்திரையை விழுங்குவாரும் உளர். இம்மாத்திரையை உண்டபின் வண்டி ஓட்டுவதும், மரமேறுவதும், சாரத்தின்மேல் நின்று வேலை செய்வதும் உயிர்க்கு ஊறு செய்யும். மூக்கடைப்பை நீக்கும் சில மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்துவன. அழுத்த நோயுடையார் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது.

இரண்டாவது, பட்டினி. காய்ச்சலும் தடிமனும் உள்ள நாளில் உணவையும் நீரையும் குறைத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். உடலில் நீர் வற்றினால் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து கண் இருளும். இதற்கு மருந்து கஞ்சியும் நீருமே. எழும்போது சிறிது உட்கார்ந்திருந்து பின் எழுதல் வேண்டும்.

மூன்றாவது, உட்செவியின் அழற்சி. தடிமன் போன்ற நோயைத் தொடர்ந்து உட்செவியோ அதன் நரம்போ அழற்சியுறுதல் உண்டு. அப்பொழுது சுழற்சி நாட்கணக்கில் நீடித்து வாந்தியும் வரும். இதனை வெறும் மூக்கடைப்பென்று வாளாவிருத்தல் தகாது. அதனோடு ஒரு காது திடீரெனக் கேளாதாயின் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். காலந் தாழ்த்தினால் கேள்வி திரும்புதல் அரிதாகும்.

நான்காவது, செவிக்குள் உள்ள துகள். முன்னர்க் கூறிய சிறு பைகளுள் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுள் வீழ்ந்தால், படுக்கையில் புரளும்போதும் மேலே அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்திற்குட்பட்ட கடுஞ்சுழற்சி தோன்றும். முதியோரிடத்து இது மிகுதி. இதற்கு மாத்திரையினும் சிறந்தது தலையை முறைப்படி திருப்பித் துகளை மீளச் செலுத்தும் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எப்ளி 1992-இல் வெளியிட்ட அம்முறையால் பலர் ஓரிரு முறையிலேயே நலம் பெறுகின்றனர். பல்லாண்டு தலைச்சுற்றல் மாத்திரை உண்ட முதியோர் சிலர்க்கு வேண்டியிருந்தது இச்சிறு பயிற்சியேயாம்.

ஐந்தாவது, ஒற்றைத் தலைவலி. இது மூக்கையும் அடைக்கச் செய்யும், நெற்றியையும் கனக்கச் செய்யும், தலையையும் சுற்றச் செய்யும். 2004-இல் அமெரிக்க நாட்டில் வெளிவந்த ஓராய்வில், தமக்குச் சைனஸ் தலைவலி உண்டென்று கூறிய 2,991 பேரை மருத்துவர் வினவி ஆராய்ந்தனர். அவருள் 88 விழுக்காட்டினர்க்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் வகையே. அவ்விடத்து மூக்கடைப்பும் தலைச்சுற்றலும் தாயும் சேயும் போல்வன அல்ல. ஒரு தாய் வயிற்றிற் பிறந்த இரண்டு பிள்ளைகள் போல்வன.

ஆறாவது ஒன்று உளது. இதனைக் கூறவே யாம் இன்று இங்கு நிற்கின்றோம் எனினும் மிகையன்று. நம் உறவினருள் முதியவர் ஒருவர்க்குச் சென்ற ஆண்டு தடிமன் கண்டிருந்தது. ஒருநாட் காலையில் தலை சுற்றுகின்றது என்றார். சொல் குழறியது. மூக்கு அடைத்திருந்தமையால் பேச்சு அவ்வாறு ஒலிக்கின்றது என்று வீட்டார் கருதினர். நீராவி பிடிக்கச் செய்து உறங்க வைத்தனர். மாலையில் அவர் எழுந்தபொழுது வலக்கை எழவில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு நேர்ந்திருந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும் என்பது மருத்துவர் விதி. அந்நேரம் கடந்துவிட்டது. அவர் இன்று உயிரோடிருக்கின்றார். ஆயினும் தம் கையால் ஒரு கவளம் எடுத்து உண்ண இயலாதவராயிருக்கின்றார்.

மூக்கடைத்தவன் மெல்லெழுத்தையே மாற்றி ஒலிப்பான். சொற்களின் வரிசை குலையாது, நாவும் குழறாது. தலைச்சுற்றலோடு நாக் குழறினாலும், முகம் ஒருபால் கோணினாலும், கை கால் ஒருபுறம் தளர்ந்தாலும், பொருள் இரண்டாகத் தோன்றினாலும், எழுந்து நிற்கவே இயலாதாயினும், முன்பில்லாத கடுந்தலைவலி எழுந்தாலும், மார்பு நொந்தாலும், அதனை மூக்கின்மேல் ஏற்றாதீர்கள். 108 என்னும் எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நேரம் எப்பொழுது தொடங்கியது என்பதனையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். இவ்வொன்றனை மட்டும் நினைவிற் கொண்டு மற்றவற்றையெல்லாம் மறந்து செல்லினும் எமக்கு மனநிறைவே.

இனி, எளிய மூக்கடைப்பினர்க்குரிய பரிகாரங்களைச் சுருங்கச் சொல்வோம். மூக்கைச் சிந்துங்கால் ஒரு துளையை மூடி மற்றொன்றால் மெல்லச் சிந்துக. இரண்டையும் அழுத்திப் பிடித்து வலிந்து சிந்தினால் சளி செவிக்குழலுள் ஏறும். நொச்சி முதலியன இட்டு ஆவி பிடித்தல் சிறிது ஆறுதல் தரும். ஆனால் கொதிநீர்ப் பாத்திரத்தின்முன் சிறுவரை அமர்த்தலாகாது. அது கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் பலர். மூக்கில் விடும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தினை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேற் பயன்படுத்தினால், மருந்தே அடைப்பை வளர்க்கும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல் நன்று. யோக நூலார் இதனை ஜலநேதி என்பர். ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்புச் சேர்த்தல் அளவு. அந்நீர் கொதிக்க வைத்து ஆறியதாயிருத்தல் கட்டாயம். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரைக் கொதிக்க வைக்காமலே மூக்கிற் செலுத்திய இருவர், நெக்லேரியா என்னும் நுண்ணுயிர் மூளையைத் தாக்கியமையால் இறந்தனர். 2024-இல் கேரளத்தில் ஆறு குளங்களில் நீராடிய சிறார் சிலரும் அந்நோய்க்கு இரையாயினர். அதே நீரைக் குடித்தால் இந்நோய் வாராது. மூக்கின் வழியே ஏறினால் மட்டுமே வரும்.

தாய்மார்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். குழந்தைகளின் செவிக்குழல் பெரியோரதனினும் குறுகியது, கிடையாகவும் அமைந்தது. ஆதலின் அவர்க்குத் தடிமன் பிடித்தால் நடுச்செவியில் நீர் கோத்தல் எளிது. அந்நீர் வலியின்றியே வாரக்கணக்கில் தங்கும். குழந்தை அழாது, காய்ச்சலும் இராது. ஆனால் அழைத்தால் திரும்பிப் பாராது, ஓடும்போது அடிக்கடி இடறி விழும், பாடத்திற் பின்தங்கும். மந்தன் என்று பெயரெடுத்த சிறுவன் ஒருவனை யாம் அறிவோம். செவி மருத்துவர் அவன் நடுச்செவி நீரை அகற்றிய பின்னர், ஒரே பருவத்தில் அவன் வகுப்பின் முன்வரிசைக்கு வந்தான். அவனுக்குக் குறைவாயிருந்தது அறிவன்று, காற்று! வாயால் மூச்சுவிட்டு உறங்கும் குழந்தையும், குறட்டை விடும் குழந்தையும் மருத்துவரின் பார்வைக்கு உரியர்.

முதியோர்க்குத் தலைச்சுற்றலினும் அதனால் நேரும் வீழ்ச்சியே பெரும்பகை. இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. குளியலறையில் வழுக்காத தரையும், சுவரில் ஒரு பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும் அமைத்தல் எவ்வில்லத்தார்க்கும் இயல்வதே. திருமணப் பந்தலுக்கு நாம் செலவிடும் மின்விளக்குக்களுள் ஒன்றின் விலைகூட ஆகாது.

அன்பர்களே! சங்கம் என்பது கூடிக் கலைவதற்கும் மணமக்கட் பட்டியல் தொகுத்தற்கும் மட்டும் உரியதன்று. வருகின்ற ஆண்டுவிழாவில் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் பிள்ளைகளின் செவியையும் முதியோரின் நிலைப்பாட்டையும் ஒரு முற்பகல் சோதிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம். அன்று நம் தெருவில் வாழும் பிற வகுப்பினரின் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருத்தல் வேண்டும். தடிமன் குலம் கேட்டு வருவதில்லை. மருந்தும் அங்ஙனமே ஆகுக.

திண்ணையில் வாதிட்ட பெரியோர் இருவர்க்கும் எமது தீர்ப்பு யாதெனின்: மூக்கடைப்பு செவிவழியே தலையைச் சிறிது தடுமாறச் செய்யும், உலகம் சுழலும் கடுஞ்சுற்றலுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு, அக்காரணத்தைத் தேடாது மூக்கையே குற்றஞ்சாட்டுதல் ஆபத்து. எல்லீரும் நோயின்றி நீடு வாழ்க!